முப்பது நாள் தனி வீடு



தோட்டத்து லயத்தில் பிறந்து வளர்ந்தவர்களுக்கு மீன் வளர்ப்பு புதிதல்ல. பால்மரக் காட்டுக் கால்வாயில் சண்டை மீன் பிடித்து, பழைய ஹார்லிக்ஸ் போத்தலில் விட்டு, குசினிச் சன்னலில் வைத்து அழகு பார்த்தவர்களில் நானும் ஒருத்தி. மீனின் உடம்பில் வெள்ளைப் புள்ளி விழுந்தால் அம்மா ஒரு சிட்டிகை உப்புப் போடுவார். பல தடவை குணமாகியும் இருக்கிறது. அந்த உப்பை நம்பித்தான் பின்னாளில் நான் ஏமாந்தேன். அதைத்தான் உங்களிடம் சொல்ல வந்திருக்கிறேன்.

தோட்டத்தை விட்டுக் கிள்ளானுக்குக் குடிவந்து வருடங்கள் பல ஆகிவிட்டன. என் இளைய மகன் துறைமுகப் பக்கம் ஒரு கிடங்கில் வேலை செய்கிறான். 2003-ஆம் ஆண்டு கோலாலம்பூரில் அக்குவாரியா கே.எல்.சி.சி. திறந்த பிறகு, பள்ளிக்கூடத்தில் அவனை அங்கே அழைத்துப் போனார்கள். அன்றைக்குப் பிடித்தது கடல் மீன் ஆசை. சம்பளக்காரனானதும் மூன்றடித் தொட்டி ஒன்றைப் பழைய விலைக்கு வாங்கினான். உப்புத் தண்ணீர் கலந்து, இரண்டு கோமாளி மீன், மூன்று சின்ன நீல மீன், ஓர் இறால் என்று ஒரு வருடம் பொறுமையாக வளர்த்தான். வேலை முடிந்து வந்தால் முதலில் தொட்டியைப் பார்ப்பான், பிறகுதான் சோறு.

ஒரு தீபாவளிக்கு முதல் வாரம், போனஸ் பணத்தில் நீல டாங் என்ற மீனை வாங்கி வந்தான். நீலமும் கறுப்புமாய், வாலில் மஞ்சள் தீட்டிய அழகான மீன். "இதைக் கொஞ்ச நாள் தனியா வைக்கணும்னு சொல்றாங்கம்மா" என்றான். பிளாஸ்டிக் பையில் அது மூச்சு வாங்கியதைப் பார்த்து எனக்கு மனம் கேட்கவில்லை. "பாவம்டா, எவ்வளவு நேரம் பையிலேயே கிடக்கும்? உள்ளே விடு, மத்ததோட சேர்ந்து பழகட்டும்" என்றேன். அம்மா சொல்லைத் தட்டாத பிள்ளை. விட்டுவிட்டான்.

ஐந்தாம் நாள் அதன் உடம்பில் உப்புத் தூள் தெளித்தாற்போல் வெள்ளைப் புள்ளிகள். நான் வழக்கம்போல், "உப்புப் போடு" என்றேன். "அம்மா, அது உப்புத் தண்ணியிலதானே இருக்கு!" என்று சிரித்தான். இரண்டு நாளில் புள்ளிகள் தானாக மறைந்தன. நோய் போய்விட்டது என்று நாங்கள் மகிழ்ந்தோம். அடுத்த வாரம் புள்ளிகள் திரும்பி வந்தன, எல்லா மீன்களின் மேலும். செவுள் அடைத்து, தண்ணீரின் மேல்மட்டத்தில் வாயைத் திறந்து திணறின. தீபாவளிக்கு மறுநாள் காலையில் இறால் மட்டும்தான் உயிரோடு இருந்தது. "நான்தாம்மா கொன்னுட்டேன்" என்று அவன் தலையைக் குனிந்துகொண்டான். யார் கொன்றது என்று எனக்குத் தெரியும்.

பிறகு, பல வருடமாகக் கடல் மீன் வளர்க்கும் ஒரு சீனத் தவுக்கேயிடம் மகனோடு நானும் போனேன். அவர் பொறுமையாக விளக்கியதையும், மகன் படித்துச் சொன்னதையும் இங்கே தருகிறேன். உங்கள் பிள்ளைகளுக்கும் உதவலாம்.

கிரிப்டோகாரியான் என்ற கண்ணுக்குத் தெரியாத ஒட்டுண்ணிதான் அந்த வெள்ளைப் புள்ளிக்குக் காரணம். மீனின் தோலுக்கு உள்ளே 3 முதல் 7 நாள்வரை இருந்து தின்று கொழுக்கும். பிறகு உதிர்ந்து, மணலிலும் கல்லிலும் ஒட்டிக்கொண்டு கூடு கட்டும். புள்ளி மறைந்தது நோய் தீர்ந்ததால் அல்ல, அது பெருகப் போனதால்தான். அந்தக் கூடு வெடித்தால் நூற்றுக்கணக்கான குஞ்சுகள் நீந்தி வந்து மீனைத் தேடும். தோலுக்குள் இருக்கும்போதும் கூட்டுக்குள் இருக்கும்போதும் மருந்து அதைத் தொடாது. நீந்தி அலையும் அந்தக் கொஞ்ச நேரத்தில்தான் கொல்ல முடியும்.

இதைக் கேட்டதும் எனக்குப் போர்ட் சுவெட்டன்ஹாம் நினைவு வந்தது. இன்றைய கிள்ளான் துறைமுகம்தான் அது. 1901-இல் திறந்தபோது மலேரியாவால் ஆட்கள் கொத்துக் கொத்தாக விழுந்தார்கள். டாக்டர் மால்கம் வாட்சன் மருந்தை மட்டும் நம்பாமல், சதுப்பு நிலத்தில் வாய்க்கால் வெட்டித் தண்ணீரை வடித்தார். கொசு பிறக்கும் இடத்திலேயே கை வைத்தார், காய்ச்சல் குறைந்தது. எதிரி எந்த நிலையில் அகப்படுவான் என்று தெரிந்து அடிப்பதுதான் வைத்தியம்.

மகன் இரண்டடித் தொட்டி ஒன்றை வேறு அறையில் வைத்தான். மணல் இல்லை, கல் இல்லை. ஒரு பஞ்சு வடிகட்டி, மீன் ஒளிந்துகொள்ள இரண்டு துண்டு பைப், அவ்வளவுதான். மயில்துத்தம் தெரியுமல்லவா? அந்தச் செம்புதான் மருந்து. ஒரு லிட்டர் தண்ணீருக்கு 0.15 முதல் 0.20 மில்லிகிராம் செம்பு. குறைந்தால் பலிக்காது, கூடினால் மீனே செத்துவிடும். ஆகவே அதற்கென விற்கும் மருந்தையே வாங்கி, சோதனைப் பெட்டியால் தினமும் அளக்க வேண்டும். மணலும் பவளக் கல்லும் செம்பை உறிஞ்சிக்கொள்ளும், இறாலும் பவளமும் செம்பில் பிழைக்காது. பெரிய தொட்டியில் ஊற்றக் கூடாது என்பது அதனால்தான்.

மருந்து வேண்டாம் என்பவர்கள், 3 நாளுக்கு ஒருமுறை மீனைக் கழுவிக் காய்ந்த வேறு தொட்டிக்கு மாற்றுவார்கள். நான்கு மாற்றத்தில், உதிர்ந்த பூச்சியெல்லாம் பழைய தொட்டியோடு போய்விடும். தண்ணீரில் உப்பைப் பாதிக்கும் கீழே குறைத்துச் சில வாரம் வைப்பவர்களும் உண்டு. அம்மாவின் வைத்தியம் இங்கே தலைகீழாகிறது, பார்த்தீர்களா? நன்னீர் மீனுக்கு உப்பு மருந்து, கடல் மீனுக்கு உப்பைக் குறைப்பது மருந்து.

பெரிய தொட்டியையோ 76 நாள் மீன் இல்லாமல் விட்டோம். கூடு வெடிக்க 72 நாள்கூட ஆனதாக ஆய்வாளர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். மீன் இல்லாவிட்டால் குஞ்சுகள் பட்டினியால் மடியும். அந்த நாள்களில் ஒற்றை இறால் மட்டும் அங்குமிங்கும் நடப்பதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு உறுத்தும்.

அப்போதுதான் தாத்தா சொன்னது நினைவுக்கு வந்தது. அந்தக் காலத்தில் பினாங்குக்குக் கப்பலில் வந்த நம் மக்களை ஜெர்ஜாக் தீவில் ஒதுக்கி வைத்துச் சோதித்தார்கள். தாத்தாவும் அந்தத் தீவில் இருந்தவர். 'கொரண்டி' என்பார். "ஊரை விட்டு வந்து, தோட்டத்துக்கும் போகாம நடுவுல கிடந்தப்ப அழுகையா வந்துச்சு. ஆனா அம்மை எதுவும் கொண்டாராம லயத்துக்கு வந்து சேர்ந்தோம்" என்பார். சின்னப் பிள்ளையாக இருந்தபோது அதில் அழுகைதான் என் காதில் விழுந்தது. இரண்டாவது பாதி இப்போதுதான் விழுந்தது.

மூன்று மாதம் கழித்து மகன் மறுபடியும் ஒரு நீல டாங் வாங்கினான். இந்த முறை பையைப் பார்த்து நான் வாய் திறக்கவில்லை. பையிலிருந்து நேரே தனித் தொட்டிக்குப் போனது. ஒன்பதாம் நாள் அதே வெள்ளைப் புள்ளிகள்! மகன் கலங்காமல் மருந்தை அளந்து போட்டான். முப்பது நாள் கணக்கு வைத்திருந்த மீன் ஐம்பது நாள் அங்கேயே இருந்தது. நானே தினமும் இரை போட்டேன். என் நிழலைக் கண்டால் பைப்பிலிருந்து எட்டிப் பார்க்கும் அளவுக்குப் பழகிவிட்டது.

இன்று அது பெரிய தொட்டியில் புதிய கோமாளி மீன்களோடும் அந்தப் பழைய இறாலோடும் நலமாக நீந்துகிறது.

வாசகர்களே, கடல் மீனோ, கோழிக் குஞ்சோ, பூச்செடியோ, புதிதாக வீட்டுக்கு வருவதைக் கொஞ்ச நாள் தனியே வைத்துப் பாருங்கள். இரக்கப்பட்டு அவசரப்பட வேண்டாம். நான் பட்டது போதும்.