டாடா இல்ல பாஸ்... டாட்ரா!

பிரின்ட்டிங் மிஸ்டேக் எல்லாம் இல்லை. இன்னொரு தடவை நல்லா வாசிங்க... டாட்ரா!

'செக் நாட்டுக் கார் ஒண்ணு சொல்லு'ன்னு யாராவது கேட்டா, பட்டுனு 'ஸ்கோடா'ன்னு சொல்லிட்டு நடையைக் கட்டிடுவோம். ஆனா, அதே நாட்டில் இன்னொரு கம்பெனி இருக்கு. ரேடியேட்டரே இல்லாத கார், மூணு ஹெட்லைட் வெச்ச கார், முதுகில் மீன் துடுப்பு முளைச்ச கார்னு வரிசையா இறக்கி, ஊரையே திரும்பிப் பார்க்க வெச்ச கம்பெனி. 1999-ல் கார் தயாரிப்பை நிறுத்திட்டு, இப்போ லாரி மட்டும் செஞ்சுட்டிருக்கு. அந்தக் கார்களோட கதையை நீங்க ஒரு தடவை கேட்கணும். முக்கியமா, 'ஏதாவது புதுசா பண்ணணும் மச்சி'ன்னு டீக்கடையில் உட்கார்ந்து பிளான் போடுற பார்ட்டியா இருந்தா, கட்டாயம் கேட்கணும்!

குதிரையைக் கழட்டிவிட்ட வண்டி

கோப்ரிவ்னிட்சே. வாயில் நுழையலையா? பரவாயில்லை, மெதுவா சொல்லிப் பாருங்க. செக் நாட்டின் மொராவியா பகுதியில் இருக்கிற சின்ன ஊர். 1850-ல் இக்னாட்ஸ் ஷுஸ்தாலா என்பவர் அங்கே குதிரை வண்டிப் பட்டறை போட்டார். பட்டறை வளர்ந்து ரயில் பெட்டித் தொழிற்சாலை ஆச்சு. 1897-ல் ஒரு பென்ஸ் இன்ஜினை வாங்கி மாட்டி, முதல் காரைச் செஞ்சாங்க. பெயர் 'பிரசிடென்ட்'. குதிரையைக் கழட்டிவிட்ட சாரட் வண்டி மாதிரியே இருக்கும். அடுத்த வருஷமே அதை வியன்னா வரைக்கும் ரோட்டில் ஓட்டிட்டுப் போனாங்க. 328 கிலோமீட்டர், பதினாலரை மணி நேரம். சிரிக்காதீங்க பாஸ்... ஹென்றி ஃபோர்டு தன் கம்பெனியைத் தொடங்க அப்போ இன்னும் 5 வருஷம் பாக்கி!

பிரசிடென்ட் உருவான அதே 1897-ல், ஒரு 19 வயசுப் பையன் அங்கே வேலைக்குச் சேர்ந்தான். நம்ம செகண்ட் இயர் வயசு. பெயர், ஹான்ஸ் லெட்விங்கா. இந்தப் பெயரைக் கொஞ்சம் ஞாபகம் வெச்சுக்குங்க. கதையே இவரைச் சுத்தித்தான்.

முதுகெலும்பு வெச்ச கார்

நடுவில் வேற கம்பெனிக்குப் போன லெட்விங்கா, 1921-ல் திரும்பி வந்தார். அதுக்குள்ளே முதல் உலகப் போர் முடிஞ்சு, செக்கோஸ்லோவாகியா என்ற புது நாடே பிறந்திருந்தது. டாட்ரா மலைத்தொடரின் பெயர் கார்களுக்கு வந்திருந்தது.

1923-ல் வந்தது 'டாட்ரா 11'. ஏழை நாட்டு ரோட்டுக்கான எளிமையான கார். இரண்டே சிலிண்டர், 12 குதிரைத்திறன். அட, இதில் என்ன இருக்குன்னு கேட்கிறீங்களா? உள்ளே குனிஞ்சு பார்த்தால்தான் விஷயம் புரியும்.

அந்தக் காலத்துக் கார்களின் சேஸிஸ் ஏணி மாதிரி இருக்கும். இரண்டு நீள இரும்பு, நடுவில் குறுக்குச் சட்டங்கள். குண்டும் குழியுமான ரோட்டில் அந்த ஏணி முறுக்கிக்கும். லெட்விங்கா ஏணியைத் தூக்கிப் போட்டார். நடுவில் ஒரே ஒரு தடித்த குழாய். அதுதான் காரோட முதுகெலும்பு. பின் சக்கரத்துக்குப் போகிற டிரைவ் ஷாஃப்ட் அந்தக் குழாய்க்கு உள்ளேயே சுத்தும். குழாயை முறுக்குறது அவ்வளவு லேசு இல்லைன்னு நம்ம ஸ்ட்ரெங்த் ஆஃப் மெட்டீரியல்ஸ் புத்தகத்திலேயே இருக்கு. பின்பக்கம் இரண்டு சக்கரத்தையும் ஒரே கம்பியில் கோக்காமல், ஆளுக்கு ஒரு அரை ஆக்ஸில். இடது சக்கரம் பள்ளத்தில் இறங்கினால் வலது சக்கரத்துக்குச் செய்தியே போகாது. இன்ஜினைக் குளிர வைக்க தண்ணீரும் கிடையாது, வெறும் காற்றுதான். தண்ணீர் இல்லாததால் குளிர்காலத்தில் உறைஞ்சு போகிற கவலை இல்லை. கோடையில் கொதிக்கிற கவலையும் இல்லை.

காற்றைக் கேட்டு வரைஞ்ச கார்

அடுத்த வேட்டு, 1934 மார்ச்சில். டாட்ரா 77. அதுவரைக்கும் கார் என்றால் பெட்டி மேல பெட்டி வெச்ச மாதிரிதான். முன்னாடி செங்குத்தான ரேடியேட்டர், நட்டுவெச்ச கண்ணாடி. டாட்ரா 77-ஐப் பார்த்தால் தண்ணீர்த் துளி ஒண்ணு ரோட்டில் உருண்டு வர்ற மாதிரி இருக்கும்!

செப்பலின் ஆகாயக் கப்பல்களில் வேலை பார்த்த பால் யாராய் என்ற இன்ஜினீயரின் காற்றியக்கக் கொள்கைகளை உரிமம் வாங்கி, லெட்விங்காவும் எரிக் உபெலாக்கரும் சேர்ந்து உருவாக்கிய கார் அது. கணக்கு ரொம்ப சிம்பிள். வேகம் இரண்டு மடங்கானால், காற்றின் எதிர்ப்பு நாலு மடங்காகும். அதைத் தள்ளிட்டுப் போகத் தேவையான பவரோ எட்டு மடங்கு! அப்போ பெரிய இன்ஜின் வைக்கிறதைவிட, காற்றோட சண்டை போடாத உடம்பைக் கொடுக்கிறதுதானே புத்திசாலித்தனம்? மூக்கை வழவழப்பாக்கணும்னா இன்ஜின் அங்கே இருக்கக் கூடாது. தூக்கிப் பின்னாடி வெச்சாச்சு. ஏர்கூல்டு வி8 என்பதால் ரேடியேட்டர் தொல்லையும் இல்லை. ஒரு முடிவு இன்னொரு முடிவை எப்படிக் கையைப் பிடிச்சு இழுத்துட்டு வருது பாருங்க! 60 குதிரைத்திறனை வெச்சுக்கிட்டே அந்தப் பெரிய கார் 140 கிலோமீட்டர் வேகத்தைத் தொட்டுச்சு.

1936-ல் தம்பி வந்தான். டாட்ரா 87. எடை குறைவு, வேகம் அதிகம். கிட்டத்தட்ட 160 கிலோமீட்டர்! முகத்தில் மூணு ஹெட்லைட். பின்னாடி முதுகில் ஒரு துடுப்பு. சுமார் 3,000 கார்கள்தான் செஞ்சாங்க.

ஆனா, அழகுக்குப் பின்னாடி ஆபத்தும் இருந்தது. கனமான இன்ஜின் மொத்தமும் பின்னாடி. அரை ஆக்ஸிலோ, வளைவில் சட்டுனு சக்கரத்தை உள்பக்கமா மடிச்சுக்கும். வேகமா திரும்பும்போது பதறிப்போய் ஆக்ஸிலரேட்டரில் இருந்து காலை எடுத்தால், வால் முன்னாடி வந்துடும். இரண்டாம் உலகப் போரில் இந்தக் காரை ஆசை ஆசையா ஓட்டின ஜெர்மன் அதிகாரிகள் பலர் வளைவில் கவிழ்ந்தாங்க, அதனால் 'செக் நாட்டின் ரகசிய ஆயுதம்'னே இதுக்குப் பேர் வந்ததுன்னு ஒரு கதை உண்டு. கதைக்குக் கை, கால் முளைச்சிருக்கலாம். அந்த இயற்பியல் மட்டும் சுத்தமான உண்மை!

508-ம் இரண்டு கோடியும்

இப்போ வர்றதுதான் முக்கியமான கட்டம்.

87-ஐ வாங்கப் பெரிய பணக்காரனா இருக்கணும். அதனால் அதே 1936-ல் சின்னதா ஒரு கார் செஞ்சாங்க. டாட்ரா 97. நாலு சிலிண்டர். படுத்த மாதிரி எதிரும் புதிருமா இருக்கிற பாக்ஸர் இன்ஜின். ஏர்கூல்டு. இன்ஜின் பின்னாடி. முதுகு வளைஞ்சு இறங்குற உடம்பு. எங்கேயோ பார்த்த மாதிரி இருக்கா? ஃபோக்ஸ்வாகன் பீட்டில்!

ஹிட்லரின் ஆணைப்படி ஃபெர்டினாண்ட் போர்ஷே 'மக்கள் கார்' வடிவமைச்சது அதே காலகட்டத்தில்தான். போர்ஷேவும் லெட்விங்காவும் ஒருத்தரை ஒருத்தர் நல்லா அறிஞ்சவங்க. எங்க டிசைனை எடுத்துட்டாங்கன்னு டாட்ரா பிரச்னை கிளப்பியது. ஆனா, வழக்கு நகர்றதுக்குள்ளே ராணுவம் நகர்ந்துடுச்சு. 1939 மார்ச்சில் ஜெர்மனி செக் பகுதியை ஆக்கிரமிச்சது. அந்த வருஷமே 97-இன் உற்பத்தி நின்னது. மொத்தம் செஞ்சது 508 கார்கள். பீட்டில்? 2003-ல் மெக்ஸிகோவில் கடைசிக் கார் வெளியே வந்தபோது, எண்ணிக்கை இரண்டு கோடியே பதினைந்து லட்சம்!

போருக்குப் பிறகு வழக்கு மறுபடி உயிர் பெற்று, 1960-களில் ஃபோக்ஸ்வாகன் பணம் கொடுத்து கோர்ட்டுக்கு வெளியே முடிச்சுக்கிச்சு.

உடனே 'போர்ஷே காப்பி அடிச்சார்'னு தீர்ப்பு எழுதிடாதீங்க. விஷயம் அவ்வளவு நேர்கோடு இல்லை. இன்ஜினைப் பின்னாடி வைக்கிற யோசனை அப்போ ஐரோப்பாவில் பலர் மண்டையில் ஓடிட்டிருந்தது. பேலா பாரெனி என்பவர், 1925-ல் வியன்னாவில் ஸ்டூடன்ட்டா இருந்தபோதே பீட்டிலுக்கு அடிப்படையான அமைப்பை வரைஞ்சிருந்தார். 1950-களில் கோர்ட்டுக்குப் போய் தன் பங்கை நிரூபிக்கவும் செஞ்சார். யோசனைக்கு அப்பா ஒருத்தர் மட்டும் இல்லை. ஆனா, குடும்ப போட்டோவில் இருந்து ஒருத்தரை மட்டும் கத்தரிச்சா, அது நியாயமும் இல்லை.

கார் ஆப்பிரிக்காவில், அவர் சிறையில்

போர் முடிஞ்சது. 1945-ல் லெட்விங்காவைக் கைது செஞ்சாங்க. ஜெர்மானியர்கள் பிடியில் இருந்தபோது தொழிற்சாலையை நடத்தினார், எதிரிக்கு ஒத்துழைச்சார்னு குற்றச்சாட்டு. 1951 வரைக்கும் சிறை.

அந்த ஆறு வருஷத்துக்கு நடுவில் என்ன நடந்துச்சு தெரியுமா? 1947 ஏப்ரலில் ஹன்செல்கா, ஜிக்முண்ட்னு இரண்டு இளைஞர்கள், காலேஜ் சிநேகிதர்கள், ப்ராக் நகரில் இருந்து ஒரு டாட்ரா 87-ல் கிளம்பினாங்க. ஆப்பிரிக்காவை வடக்கே இருந்து தெற்கு வரைக்கும் கடந்து, கப்பலேறி தென் அமெரிக்கா போய், 1950-ல்தான் வீடு திரும்பினாங்க. மூணரை வருஷம்! பாலைவன வெயிலில் கொதிக்கத் தண்ணீரே இல்லாத இன்ஜின், சொன்ன பேச்சைக் கேட்டு ஓடுச்சு. அவங்களோட ரேடியோ நிகழ்ச்சியையும் புத்தகங்களையும் நாடே கொண்டாடுச்சு. அந்தக் கார் இன்னைக்கும் ப்ராக் தேசியத் தொழில்நுட்ப அருங்காட்சியகத்தில் நிக்குது.

கார் உலகம் சுத்திட்டிருந்தது. அதைப் படைச்சவர் நாலு சுவருக்குள்ளே. இதைப் படிச்ச அன்னைக்கு எனக்கு ராத்திரி சரியா தூக்கம் வரலை.

வெளியே வந்தவர் டாட்ராவுக்குத் திரும்பலை. ஆஸ்திரியா போய், பிறகு ஜெர்மனியில் வாழ்ந்து, 1967-ல் மியூனிக்கில் இறந்தார். அவர் மேல் இருந்த களங்கத்தை சட்டம் துடைச்சது 1992-ல். 25 வருஷம் லேட்!

கடைசி மூச்சு வரைக்கும்

லெட்விங்கா போனாலும் அவரோட பிடிவாதம் அந்த ஊரை விட்டுப் போகலை. போருக்குப் பிறகு வந்த 'டாட்ராபிளான்', அதே துளி வடிவம், அதே பின் இன்ஜின். 1951-ல் அதன் தயாரிப்பை ஸ்கோடா தொழிற்சாலைக்கு மாத்தியது கம்யூனிஸ்ட் அரசு. டாட்ராவுக்கு இனி லாரி மட்டும்தான்னு உத்தரவு. விட்டாங்களா? 1956-ல் வந்து நின்னது டாட்ரா 603. மறுபடியும் ஏர்கூல்டு வி8, மறுபடியும் பின்னாடி, ஆரம்பத்தில் மறுபடியும் மூணு ஹெட்லைட்!

ஆனா, இதை நீங்களும் நானும் வாங்க முடியாது. கட்சித் தலைவர்கள், அமைச்சர்கள், பெரிய தொழிற்சாலை இயக்குநர்களுக்கு மட்டும். 1975 வரைக்கும் சுமார் 20,000 கார்கள். ஏழைகளுக்காக இரண்டு சிலிண்டரில் ஆரம்பிச்ச பயணம், அதிகாரத்தின் கறுப்புக் காரா மாறினது காலத்தின் கிண்டல்தான். அடுத்து, இத்தாலியின் விக்னாலே நிறுவனம் உடம்பு வரைஞ்ச டாட்ரா 613, 1996 வரைக்கும் ஓடியது. 1989-ல் ஆட்சி மாறியது. எல்லைகள் திறந்தன. வெளிநாட்டுக் கார்கள் வந்து இறங்கின. யாருக்காக இந்தக் காரோ, அந்த ஆட்களே காணாமப் போயிட்டாங்க. கடைசி மாடல் டாட்ரா 700. நூறு கார்கூடச் செய்யாமல், 1999-ல் கதவைச் சாத்தினாங்க.

தோத்துட்டாங்களா? கார் வியாபாரத்தில், ஆமாம். ஆனா, ஒரு விஷயம் கேளுங்க.

குடியரசு தின அணிவகுப்பை டி.வி-யில் பார்த்திருப்பீங்க. பினாகா ராக்கெட் லாஞ்சரைச் சுமந்துட்டு எட்டு சக்கரத்தோடு உறுமிட்டு வரும் ராணுவ லாரி, டாட்ராதான். 1980-களில் இருந்து பி.இ.எம்.எல். நிறுவனத்தோட கைகோத்து நம்ம ராணுவத்துக்கு வந்தது. அடுத்த ஜனவரி 26-ல் அது திரையில் வந்தால், ராக்கெட்டை விடுங்க... கீழே குனிஞ்சு சக்கரத்தைப் பாருங்க. ஒவ்வொண்ணும் தனித்தனியா, லேசா சாய்ஞ்சு நிக்கும். நடுவில் ஒரே ஒரு தடித்த குழாய் ஓடும். டாட்ரா 11-ல், 12 குதிரைத்திறன் காருக்காக ஒரு மனுஷன் போட்ட அதே முதுகெலும்பு!

பக்கத்தில் யாராவது 'டாடா லாரியா?'ன்னு கேட்பாங்க. அப்போ அந்த 'ர'வை நல்லா அழுத்திச் சொல்லுங்க. கூடவே, லெட்விங்கான்னு ஒரு பெயரையும்!