பெலித்துங் மோதிரம்

சனி
சிராங்கூன் சாலைப் பட்டறைக்கு இன்று ஒரு வெள்ளி மோதிரம் வந்தது. கப்பல் பட்டறைத் தம்பி ஒருவருடையது. விரலுக்கு இறுக்கமாம், பெரிதாக்க வேண்டும். நடுவில் கன்னங்கரேலென்று ஒரு கல். லென்ஸை வைத்தால், மேலெல்லாம் வளைந்து வளைந்து ஓடும் பள்ளங்கள். "பெலித்துங் தீவுல வாங்கினது அண்ணே. வானத்துலேர்ந்து விழுந்த கல்லு. காத்துக் கருப்பு அண்டாது." அங்கே வெள்ளீயம் தோண்டும் இடங்களில் கிடைப்பது, 'பாத்து சாத்தாம்' என்பார்கள். கல்லைக் கழற்றிவிட்டுத்தான் பொடி வைத்து ஊதினேன். சூடு பட்டால் விரிசல் விட்டுவிடும், கண்ணாடிதானே.

ஞாயிறு
தேக்காவில் மீன் வாங்கும்போது மகளிடம் சொன்னேன். நன்யாங் பல்கலையில் புவி அறிவியல் படிக்கிறாள். "அது வானத்துக் கல் இல்லப்பா. இந்த மண்ணுதான், மேல போய்த் திரும்பி விழுந்தது."

சுமார் 7.9 லட்சம் ஆண்டுகளுக்கு முன் விண்கல் ஒன்று மோத, உருகிய தரை தெறித்துப் பறந்து உறைந்ததாம். பெயர் டெக்டைட். இந்தோசீனாவிலிருந்து ஆஸ்திரேலியா, அண்டார்க்டிகா வரை கிடக்கிறது. டார்வின் 1844இல் இதை எரிமலைக் கண்ணாடி என்று எழுதினார். பிறகு நிலாவிலிருந்து வந்தது என்று ஒரு கட்சி. 1969இல் அப்பல்லோ 11 கொண்டுவந்த 21.5 கிலோ கல்லையும் மண்ணையும் ஆய்வகத்தில் பிரித்துப் பார்த்ததும் அந்தக் கட்சி கலகலத்தது. சேர்மானம் ஒட்டவே இல்லை. டெக்டைட்டில் சிலிக்கா மிக அதிகம்.

செவ்வாய்
டெக்டைட்டை ஆய்வகத்தில் சோதிப்பதும் நாங்கள் உரைகல்லில் மாற்றுப் பார்க்கிற வேலைதான், கருவி வேறு. கல்லை அறுத்துப் பிசினில் பதித்து, வைரத்தூளால் மெருகேற்றி, மேலே கரிப்பூச்சு கொடுக்கிறார்கள். எலக்ட்ரான் கற்றை பட்டதும் எழும் எக்ஸ் கதிரை வைத்து எந்தத் தனிமம் எவ்வளவு என்று சொல்லிவிடுகிறார்கள். மெருகில் ஒரு கீறல் இருந்தாலும் கணக்குக் கெடுமாம். அது எனக்குப் பிடித்தது.

அந்த விண்கல் விழுந்த குழியைத்தான் நூறாண்டுக்கு மேலாகத் தேடுகிறார்கள். லாவோஸின் பொலவென் பீடபூமியில், எரிமலைக் குழம்புக்கு அடியில் புதைந்திருக்கிறது என்று நன்யாங்கிலுள்ள சிங்கப்பூர் புவி ஆய்வகத்தின் கெர்ரி சியே குழு 2019 இறுதியில் எழுதியது. டெக்டைட்டில் மணற்பாறையும் பசால்ட்டும் கலந்த சாயல் இருக்கிறது. அந்த மண்ணில் இரண்டும் உண்டு. 400 இடங்களுக்கு மேல் ஈர்ப்பை அளந்ததில், சுமார் 17க்கு 13 கிலோமீட்டரில் நீள்வட்டப் பள்ளம் ஒன்று தென்பட்டதாம்.

மகள் நம்புகிறாள். எனக்கு மனம் ஒப்பவில்லை. துளை போட்டு, குழம்புக்கு அடியிலிருந்து ஒரு துண்டை மேலே எடுத்து அறுத்துப் பார்க்கட்டும். சீனப் பாலைவனம்தான் இடம் என்கிறவர்களும் இருக்கிறார்களாமே என்றேன்.

"அவங்ககிட்டயும் குழி இல்லப்பா."