வேலி பயிரை மேய்ந்தால்

வேலியே பயிரை மேய்தல் என்பது முறைகேட்டைச் சுட்டுதற்கு நம்மவர் வழங்கும் பழமொழி. உடலினுள்ளும் அது மெய்யாகவே நிகழ்வதுண்டு. நோய்க்கிருமிகளை எதிர்க்கவேண்டிய வெண்குருதிக் கலங்கள், தம்மவர் பிறர் என்னும் வேறுபாட்டை மறந்து, தாம் காக்கவேண்டிய உறுப்புகளையே தாக்கத் தொடங்குகின்றன. மூட்டுகளை வாட்டும் நோய் ஒன்று. நரம்பின் உறையை அரிக்கும் நோய் ஒன்று. தோலையும் நுரையீரலையும் இறுகச் செய்யும் நோய் பிறிதொன்று.

இறுதியிற் கூறியதனை வைத்தியர் ஸ்கிளீரோடேர்மா என்பர். இங்கிலாந்திலே வாழும் எம் தமையனாரின் மகளைப் பற்றியது அதுவே. விரல்கள் மடங்க மறுத்தன. பின்னர் மூச்சும் முட்டலாயிற்று. மருந்துகள் போதாவெனக் கண்ட வைத்தியர், அவளுடைய தண்டுக்கலங்களையே எடுத்து அவளுக்கே மீளச் செலுத்தும் சிகிச்சையை எடுத்துரைத்து, உடன்பாடு கேட்டனர். மகள் அனுப்பிய ஆங்கிலப் பத்திரத்துடன் எம் அண்ணியார் எம்மை நாடி வந்தார். "தம்பி, இதில் என்ன எழுதியிருக்கு? மறைக்காமல் சொல்லும்" என்றார்.

எமக்குத் தெரிந்தது இலக்கணமேயன்றி வைத்தியமன்று. ஆயினும் விஞ்ஞான ஆசிரியரொருவரின் துணையுடன் பன்முறை படித்து, அண்ணியாருக்கு நன்கு பழகிய கிளுவை வேலியைக் கொண்டே விளக்கினோம்.

என்பு மச்சையிலுள்ள தண்டுக்கலங்களே குருதிக் கலங்கள் அனைத்துக்கும் தாய். மருந்தூட்டி அவற்றைக் குருதியோட்டத்துக்கு வரச்செய்து, இயந்திரத்தாற் பிரித்து, உறைகுளிரிலே சேமிப்பர். இது கதியால் வெட்டி வைத்தல். பின்னர், புற்றுநோய்க்கு வழங்கும் கடுமருந்துகளால் நெறிதவறிய காவற்கலங்களை அழிப்பர். இது பழுதுற்ற வேலியைப் பிடுங்குதல். அதன்பின் சேமித்தவற்றை நாளத்தினூடாகச் செலுத்துவர்; இது கதியால் நடுதல். அவை தாமே மச்சையைச் சென்றடைந்து, ஏறக்குறைய இரண்டு கிழமைகளில் தளிர்க்கத் தொடங்கும்.

"வேலியில்லாத நாட்களில் ஆடுமாடு புகாதோ?" என்று வினவினார் அண்ணியார். படித்தவர் கேட்கத் தவறும் வினா அது. அதற்கு விடை எண்களிலே இருந்தது.

நாடுகள் பத்திலே நடந்து, 2014 ஆம் ஆண்டிலே வெளியான ஆய்வில் இந்நோயாளர் 156 பேர் பங்குபற்றினர். 79 பேருக்கு இச்சிகிச்சையும், 77 பேருக்கு மாதந்தோறும் மருந்தும் என வகுக்கப்பட்டது. முதலாண்டிலேயே சிகிச்சையின் தீங்கினால் 8 பேர் இறந்தனர். மற்றைக் குழுவில் அத்தகைய இறப்பு இல்லை. ஆயின் ஆண்டுகள் செல்லச் செல்லத் துலாக்கோல் மறுபுறஞ் சாய்ந்தது. ஏறக்குறைய ஆறாண்டுக் கண்காணிப்பின் முடிவில், முதற்குழுவில் 19 பேரும் மற்றையதில் 23 பேரும் இறந்திருந்தனர். உறுப்புகள் மீளாவண்ணம் செயலிழந்தோர் முறையே 3 பேரும் 8 பேரும் ஆவர். 2018 ஆம் ஆண்டில் வெளியான அமெரிக்க ஆய்வும் நெடுநாட் பயனை எடுத்துக்காட்டியது.

அந்த எட்டுப் பேரைச் சொல்லாது விடும்படி சுற்றத்தார் சிலர் எம்மை வேண்டினர். நாம் உடன்படவில்லை. அஞ்சுவோருக்கு ஆறுதல் கூறலாம். ஆனால் மறைத்துக் கூறும் ஆறுதல் முதல் இடரிலேயே பொய்த்துவிடும். எல்லாவற்றையும் கேட்ட அண்ணியார் நெடுநேரம் பேசாதிருந்தார். பின்பு, "செய்யாமல் விட்டாலும் கணக்கு உண்டுதானே" என்றார். அன்றிரவே மகளுடன் பேசி, முடிவை அவளிடமே விட்டார்.

அவள் உடன்பட்டாள். சிகிச்சை முடிந்து இரண்டாண்டுகள் ஆகின்றன. தோல் இளகியிருக்கின்றது, மூச்சு மேலும் மோசமாகவில்லை. மடங்கிய விரல்கள் முற்றாக நிமிரவில்லை. பழைய காவலோடு பழைய தடுப்பூசிகளின் பயனும் அழிந்தமையால், குழந்தைப்பருவ ஊசிகளை அவள் மீண்டும் ஏற்றிக்கொண்டாள். முழுக்குணம் என்று வைத்தியர் கூறவில்லை; நாமும் கூறோம். கடுமையான நோயுடையாருள்ளும் தேர்ந்தெடுத்த சிலர்க்கே இது உரியது. எந்நோய்க்கும் தண்டுக்கலம் மருந்தென விளம்பரஞ் செய்வாரை மாணவர் நம்பற்க.

வைத்தியத்துறையிலே சிறந்து விளங்கும் பழைய மாணவர் பலர் இம்மலரைப் படிப்பர். அவர்களுக்கு எம் வேண்டுகோள் ஒன்றுண்டு. உடன்பாடு கேட்கும் பத்திரங்களிலுள்ள செய்திகளை ஒரு தாய்க்கு விளங்கும் தமிழிலே எழுதுங்கள். சொல் வேண்டுமாயின் தமிழாசிரியர் நாம் உதவக் காத்திருக்கின்றோம்.