முதுசம்

சாவை நேரே சொல்ல எந்த மொழிக்கும் வாய் கூசும். நாங்களும் அப்படித்தான். செத்தவீட்டுக்குப் போய்வந்தோம் என்று எங்களுக்குள் சொல்லிக்கொள்வோம். பத்திரிகைக்கு அறிவித்தல் கொடுக்கும்போது காலமானார், சிவபதமடைந்தார், இறைவனடி சேர்ந்தார் என்று எழுதுவோம். இறத்தல் என்பதற்கே கடந்துபோதல் என்றுதான் பழைய பொருள். எங்கள் சொற்கள் போனவரின் பின்னாலேயே போகின்றன.

ரொறன்ரோவுக்கு வந்த பிறகு ஆங்கிலத்தின் இரண்டு மரியாதைச் சொற்கள் எங்களிடம் வந்து சேர்ந்தன. ஒன்று டிசீஸ். புறப்பட்டுப்போதல் என்ற இலத்தீன் சொல்லிலிருந்து வந்தது. எங்கள் சொற்களுக்கு ஒன்றுவிட்ட சகோதரம். மற்றது டிமைஸ். இதன் வழி வேறு. அனுப்புதல் என்ற இலத்தீன் வேரிலிருந்து கிளைத்து, பிரெஞ்சு வழியாக இங்கிலாந்தின் சட்டத்துக்குள் நுழைந்தபோது இதற்குச் சாவு என்ற பொருளே இல்லை. காணியை மரணசாதனத்தாலோ குத்தகையாலோ இன்னொருவர் கையில் ஒப்படைப்பதுதான் டிமைஸ். ஸ்காபறோவில் கடை எடுக்கும் எங்கள் ஆட்கள் கையெழுத்திடும் வாடகை ஒப்பந்தங்களில் இந்தப் பழைய பொருளை இன்றும் காணலாம். அங்கே 'டிமைஸ்ட்' என்றால் செத்துப்போன கட்டிடம் அல்ல, வாடகைக்குக் கையளிக்கப்பட்ட கட்டிடம்.

அரசர் கண்மூடும் கணத்திலேயே ஆட்சி வாரிசிடம் போய்விடும். அந்தக் கைமாற்றத்தை முடியின் டிமைஸ் என்றார்கள் சட்டக்காரர். ஆள் இறப்பார், முடி இறக்காது. 18ஆம் நூற்றாண்டில் கைமாற்றத்தின் பெயர் சாவின் பெயராகவும் ஆகிவிட்டது. 2022 செப்ரெம்பர் 8இல் எலிசபெத் மகாராணி இறந்தபோது இதைக் கனடாவில் இருந்து பார்த்தோம். குடியுரிமை பெற்ற நாளில் அவருக்கும் அவருடைய வாரிசுகளுக்கும் விசுவாசம் சொன்ன எங்களை யாரும் மறுபடி சத்தியம் செய்யக் கூப்பிடவில்லை.

எங்களுக்கும் கைமாற்றம் தெரியாததல்ல. 1707இல் ஒல்லாந்த அதிகாரி கிளாஸ் ஐசாக்ஸ் தொகுத்த தேசவழமை, முதுசம், சீதனம், தேடியதேட்டம் என்று சொத்தைப் பிரித்து, எது யாரிடம் போகும் என்று சொல்கிறது. ஆனால் கொடுக்கிற கைக்கும் வாங்குகிற கைக்கும் நடுவே காணி இருக்கவேண்டுமே. 1990இல் போர் வலிகாமம் வடக்குச் சனத்தை எழுப்பிக் கலைத்தது. அவர்களுடைய ஊர்கள் இராணுவத்தின் உயர் பாதுகாப்பு வலயமாயின. அந்தியேட்டிக்கு நாங்கள் போகும் கீரிமலையும் அதற்குள் அகப்பட்டது. 2009க்குப் பின் நிலம் பகுதி பகுதியாக விடப்பட்டபோது, உறுதியைப் பெட்டிக்குள் வைத்துக் காத்திருந்த பலர் இங்கேயே கண்ணை மூடிவிட்டார்கள்.

அப்படியானவர்களின் சாம்பலைச் சில குடும்பங்கள் இங்கத்தைய ஏரியில் கரைக்கின்றன. ஒன்ராறியோவில் ஆட்கள் குடியிராத முடிக்குரிய காணியிலும், அதை மூடிய நீரிலும் அதற்கு அனுமதி உண்டு. அந்த நீர் 2022இல் ஒரு சொட்டும் அசையாமல் தாயிடமிருந்து மகனிடம் போனது. எங்கள் ஆறு பரப்புத் தோட்டம் ஐயாவிடமிருந்து எங்களிடம் வர வழிதெரியாமல் நிற்கிறது. உறுதி எங்களிடம் இருக்கிறது. எல்லை காட்ட அங்கே ஆளில்லை.

இன்ன ஊரைப் பிறப்பிடமாகவும் ரொறன்ரோவை வதிவிடமாகவும் கொண்ட என்று தொடங்கும் மரண அறிவித்தல்தான் இப்போது எங்கள் கைமாற்றப் பத்திரம். இங்கே பிறந்த பிள்ளைகள் சிலர் ஊரின் பெயரை முதன்முதலாக எழுத்தில் காண்பது அதில்தான். வெறும் பெயரை வைத்துக்கொண்டு அவர்கள் என்ன செய்வார்கள்? முப்பத்தோராம் நாளுக்கு அடிக்கும் கல்வெட்டில், தேவாரத்துக்கும் புலம்பல் பாட்டுக்கும் பிறகு ஒரு பக்கத்தை ஒதுக்கலாம். காணியின் பெயர், கிணறு இருந்த மூலை, நாலு எல்லையிலும் இருந்தவர்கள், கோயிலுக்குப் போகும் ஒழுங்கை எந்தப் பக்கம் என்பது. நொத்தாரிசு எழுதாத சிலதும் அதில் வரலாம்: எந்த மாமரம் புளிக்கும், மாரியில் வெள்ளம் எந்த வாய்க்காலால் ஓடும். இவற்றை அறிந்த கிழவர்கள் இன்னும் சிலர் ஸ்காபறோ அடுக்குமாடிகளில் இருக்கிறார்கள். அவர்களுடைய கல்வெட்டுக்காகக் காத்திராமல் இப்போதே போய்க் கேட்கவேண்டும்.