காலி பாட்டில் சொன்ன சேதி

மண் சுவர் வைத்த சின்ன வீடு. வாசலில் ஒரு ஆள் வந்து நிற்கிறான். கையில் காலி பாட்டில். மருந்து தீர்ந்துவிட்டதாம், நிரப்பித் தர வேண்டுமாம். அனுப்பியது ஊர்த் தலைவரின் சகோதரி.

பார்ப்பவர்களுக்கு இதில் ஒன்றும் இல்லை. யாருக்கோ உடம்பு சரியில்லை, அவ்வளவுதான். ஆனால் பாட்டிலை வாங்கிக்கொள்ளும் வெள்ளைக்காரப் பெண்ணுக்கு அதன் அர்த்தம் வேறு. ‘ஊரில் ஏதோ நடக்கப் போகிறது. ஒரு உயிர் போகலாம். தூங்கிவிடாதே, தயாராக இரு’ என்பதுதான் அந்தச் சேதி.

பாட்டிலை வாங்கியவர் மேரி ஸ்லெஸ்ஸர். ஸ்காட்லாந்திலிருந்து மேற்கு ஆப்பிரிக்காவின் கலபார் பகுதிக்கு, இன்றைய நைஜீரியாவின் தென்கிழக்கு மூலைக்கு, மிஷனரியாக வந்தவர். அனுப்பியவர் மா எமே. மேரியின் பெயர் புத்தகங்களில் இருக்கிறது. மா எமே பெரும்பாலும் அந்தப் புத்தகங்களின் நடுப்பக்கங்களில் வந்து போகிறவர். ஆனால் மேரியின் அன்றாட வாழ்க்கையை மா எமேயை விட்டுவிட்டுச் சொல்லவே முடியாது.

தறியிலிருந்து கப்பலுக்கு

மேரி பிறந்தது 1848-ல், அபர்டீன் நகரில். அப்பா செருப்புத் தைக்கும் தொழிலாளி. குடிப்பழக்கம் உள்ளவர். குடும்பம் பிழைப்புத் தேடி டண்டி நகரத்துக்கு வந்தது. பதினொரு வயதில் மேரி நெசவாலைக்குப் போனார். பாதி நாள் ஆலையில், பாதி நாள் பள்ளிக்கூடத்தில். சில ஆண்டுகளில் அதுவும் முழு நேர வேலையாகிவிட்டது.

சனிக்கிழமை இரவுகள் அந்த வீட்டில் பயத்தோடு கழியும். அம்மாவும் மகளும் தங்கள் சாப்பாட்டைக் குறைத்துக்கொண்டு அப்பாவுக்கு எடுத்து வைப்பார்கள். போதையில் வருகிறவர் அதைத் தூக்கி நெருப்பில் போட்டுவிடுவார். வீட்டில் காசு இல்லாதபோது, யாருக்கும் தெரியாமல் துணி மூட்டையை எடுத்துக்கொண்டு அடகுக் கடைக்குப் போகிற வேலையும் மேரியுடையதுதான். ஆண்கள் அறியாமல் பெண்கள் ஒரு குடும்பத்தை எப்படித் தாங்குகிறார்கள் என்பதைச் சிறுமியாக இருக்கும்போதே அவர் பார்த்துவிட்டார்.

1876 ஆகஸ்டில் ‘எத்தியோப்பியா’ என்ற கப்பலில் ஏறினார். வயது 27. அந்தக் கப்பலில் ஆப்பிரிக்கக் கரைக்குப் போகிற சாராயப் பீப்பாய்கள் ஏராளம் இருந்தன. குடி ஒரு வீட்டை என்ன செய்யும் என்று அறிந்தவர், அந்தப் பீப்பாய்களோடு ஒரே கப்பலில்தான் ஊழியத்துக்குப் போனார்.

கலபாரில் அவருக்குக் கிடைத்தது சொற்பச் சம்பளம். அதிலும் ஒரு பங்கு ஊரில் இருந்த அம்மாவுக்கும் தங்கைகளுக்கும் போயாக வேண்டும். அதற்கு ஒரு வழி கண்டுபிடித்தார். சீமையிலிருந்து வரும் டின் உணவுகளை நிறுத்திவிட்டு, அந்த ஊர் மக்கள் சாப்பிடும் வள்ளிக்கிழங்கையும் வாழைக்காயையும் சாப்பிடத் தொடங்கினார். தொப்பி போனது. காலணி போனது. நீண்ட கூந்தலையும் கத்தரித்துவிட்டார். எஃபிக் மொழியை, அங்கேயே பிறந்தவர்கள் பேசுவதுபோலப் பேசக் கற்றுக்கொண்டார். வெளிநாட்டில் சம்பாதித்து வீட்டுக்கு அனுப்பும் யாருக்கும் இந்தக் கணக்குப் புதிதாக இருக்காது.

1886-ஐ ஒட்டி, சில மாத இடைவெளியில் அம்மாவும் தங்கையும் இறந்துபோனார்கள். பணம் அனுப்ப இனி ஆள் இல்லை. தன்னை நினைத்துக் கவலைப்படவும் ஆள் இல்லை. மேரி காட்டுக்கு உள்ளே, ஒகோயோங் பகுதிக்குப் போக முடிவெடுத்தார்.

பெண்கள் முற்றத்தில் ஒரு அறை

1888 ஆகஸ்ட். அடைமழை. ஆற்றில் படகுப் பயணம். கரையிலிருந்து எகெங்கே கிராமத்துக்குக் காட்டு வழியில் சில மைல் நடக்க வேண்டும். கூட வந்தவை ஐந்து குழந்தைகள், எல்லாம் அவர் எடுத்து வளர்க்கும் பிள்ளைகள். பதினொரு வயதுப் பெரியவன் தலையில் ஒரு பெட்டி. அடுத்தவன் கையில் பாத்திரங்கள். சின்னதுகள் அழுதுகொண்டே நடக்க, கைக்குழந்தை மேரியின் கையில். சேறு, இருட்டு, பசி. அவருடைய ஒகோயோங் வாழ்க்கை இப்படித்தான் தொடங்கியது.

தலைவர் எடெம் தன் வளாகத்தில், பெண்கள் இருக்கும் முற்றத்தில் ஒரு அறை கொடுத்தார். ஆடு, கோழி, எலி, கரப்பான், தலைவரின் மனைவிமார், அடிமைப் பெண்கள், அவர்களுடைய குழந்தைகள் எல்லாம் அந்த ஒரே முற்றத்தில். தனிமை என்பது கிடையவே கிடையாது. அங்கேதான் எடெமின் சகோதரி மா எமே அவருக்குத் தோழியானார்.

‘மா’ என்பது அங்கே பெண்களை மரியாதையாக அழைக்கும் சொல். காதுக்கு நம் ‘அம்மா’வைப் போலவே இருக்கும். மேரியையும் எல்லோரும் ‘மா’ என்றே கூப்பிட்டார்கள்.

மா எமே ஒரு தலைவரின் விதவை. கணவர் இறந்தபோது அவர் கடந்து வந்தது சாதாரணச் சோதனை அல்ல. பெரிய மனிதர் ஒருவர் இறந்தால் அது இயற்கைச் சாவாக இருக்காது, யாரோ சூனியம் வைத்திருப்பார்கள் என்பது அன்றைய நம்பிக்கை. மனைவிமார்தான் முதல் சந்தேகத்துக்கு ஆளாவார்கள். ஒவ்வொருத்தியும் ஒரு கோழியைக் கொண்டுவர வேண்டும். அதன் தலையை வெட்டுவார்கள். உடல் துடித்து விழும் விதத்தைப் பார்த்து அவள் குற்றவாளியா, இல்லையா என்று சொல்வார்கள். மா எமேயின் கோழி அவரைக் காப்பாற்றியது. தீர்ப்பைக் கேட்டதும் அவர் மயங்கி விழுந்துவிட்டார்.

அந்தப் பயத்தை உடம்பால் அறிந்தவர் என்பதால்தானோ என்னவோ, இன்னொரு உயிர் அப்படிப் போவதை அவரால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. ஆனால் வெளிப்படையாகத் தடுக்கவும் வழியில்லை. சொந்தச் சகோதரருக்கும் சொந்த ஊருக்கும் எதிராக நிற்பதாகிவிடும். அதனால்தான் அந்தக் காலி பாட்டில்.

ஒரு நாள் எப்படிப் போகும்?

மிஷனரி என்றால் மரத்தடியில் நின்று பிரசங்கம் செய்பவர் என்றுதான் பலர் நினைப்போம். மேரியின் நாளில் பிரசங்கம் சிறிய பகுதிதான். காலையில் புண், காய்ச்சல், வெட்டுக்காயம் என்று வருகிறவர்களுக்கு மருந்து. பிறகு எழுத்துச் சொல்லிக்கொடுக்கும் வகுப்பு. இடையில் சமையல், துவைப்பு, கூரை ஒழுகினால் கூரை, சுவர் பெயர்ந்தால் மண் குழைப்பது. இவை எல்லாவற்றுக்கும் மேல் பஞ்சாயத்து.

பஞ்சாயத்துக்குப் போனால் கையில் பின்னல் ஊசியும் நூலும் இருக்கும். தலைவர்கள் மணிக்கணக்காக வாதாடுவார்கள். அவர் பின்னிக்கொண்டே கேட்டுக்கொண்டிருப்பார். பேசுகிறவர்களின் கோபம் தணியும் வரை அவசரப்பட மாட்டார். 1892-ல் பிரிட்டிஷ் அரசு அவரை அந்தப் பகுதிக்குத் துணைத் தூதராக நியமித்தது. ஒரு பெண்ணுக்கு அந்தக் காலத்தில் இப்படி ஒரு பதவி அபூர்வம். அவர் பின்னால் காலனி ஆட்சியும் வந்தது என்பதையும் மறைக்க வேண்டியதில்லை. ஆனால் மக்கள் அவரிடம் வழக்குக் கொண்டுவந்தது அந்தப் பதவிக்கு முன்பே தொடங்கிவிட்டது.

இரட்டைக் குழந்தைகள் பிறந்த சேதி வந்தால் மற்ற வேலைகள் எல்லாம் நின்றுவிடும். இரண்டில் ஒன்று கெட்ட ஆவியின் பிள்ளை, எது என்று தெரியாததால் இரண்டுமே ஆகாது என்பது அங்கிருந்த நம்பிக்கை. குழந்தைகளைப் பானைக்குள் வைத்துக் காட்டில் விட்டுவிடுவார்கள். பெற்றவளை ஊரைவிட்டு விரட்டிவிடுவார்கள். இன்று அதே நைஜீரியாவில் இருக்கும் யோருபா மக்களோ இரட்டையரைப் பெரும் பாக்கியமாகக் கொண்டாடுகிறவர்கள்! நம்பிக்கை ஊருக்கு ஊர் மாறும். பயம் மட்டும் நிஜம்.

மேரி ஓடுவார். காட்டுப் பாதையில் வெறுங்காலோடு, சில நேரம் நள்ளிரவில். கிடைத்த குழந்தையைத் தூக்கிக்கொண்டு வருவார். அப்படி வந்தவர்களில் ஒருத்திதான் ஜேனி. இரட்டையரில் ஒருத்தி. உடன் பிறந்தவன் பிழைக்கவில்லை. தன் தங்கையின் பெயர் ஜேனி என்பதால் அதே பெயரை இவளுக்கும் வைத்தார்.

இரவிலும் ஓய்வு கிடையாது. வீடு முழுக்கக் கைக்குழந்தைகளின் தூளிகள். ஒவ்வொரு தூளியிலிருந்தும் ஒரு கயிறு மேரியின் படுக்கைக்கு வரும். எந்தக் குழந்தை சிணுங்குகிறதோ அந்தக் கயிற்றைப் படுத்தபடியே இழுத்து ஆட்டுவார். தூளி கட்டிப் பிள்ளை வளர்த்த நம் ஊர் அம்மாக்களுக்கு இந்தக் காட்சியை விளக்கத் தேவையில்லை. ஒரு தூளிக்கே கை கடுக்கும். அங்கே பல.

நாள் கிழமைகூட மறந்துபோகும். ஒருமுறை ஞாயிற்றுக்கிழமை என்று நினைத்து ஆராதனை நடத்திக்கொண்டிருந்தார். வந்தவர்கள் சொன்ன பிறகுதான் அன்று திங்கள் என்று தெரிந்தது. முந்தைய நாள், நிஜமான ஞாயிறு அன்று, அவர் கூரை வேலை பார்த்துக்கொண்டிருந்தாராம்!

மகன் இறந்த வீட்டில்

பாட்டில் தேவைப்படாத அளவுக்கு ஆபத்து வீட்டுக்குள்ளேயே வந்த நாளும் உண்டு. தலைவர் எடெமின் மகன் எட்டிம், தன் கல்யாணத்துக்காக வீடு கட்டிக்கொண்டிருந்தபோது மரம் விழுந்து அடிபட்டான். உடம்பு செயலிழந்துபோனது. இரண்டு வாரம் மேரி பக்கத்திலிருந்து பார்த்துக்கொண்டார். பிழைக்கவில்லை.

உடனே பக்கத்து ஊர்க்காரர்கள் மேல் பழி விழுந்தது. ஆண்களும் பெண்களுமாகப் பலரைப் பிடித்து வந்து சங்கிலியில் கட்டினார்கள். அடுத்து எசெரே விதை. அதை அரைத்துக் கரைத்துக் குடிக்கக் கொடுப்பார்கள். வாந்தி எடுத்தால் நிரபராதி, செத்தால் குற்றவாளி. கலபார் அவரை என்று உலகம் அழைக்கும் அந்த விதையிலிருந்து எடுத்த பைசோஸ்டிக்மைன், கண் அழுத்த நோய்க்கு மருந்தானது. ஆனால் எடெமின் முற்றத்தில் அன்று அது வெறும் சாவு.

மேரி வாதாடுவதற்கு முன்பு வேறொன்று செய்தார். எட்டிமின் உடலைத் தன்னிடம் இருந்த நல்ல துணிகளால் அலங்கரித்தார். தலைப்பாகை, அதன் மேல் இறகு வைத்த தொப்பி, மேலே விரித்த குடை, எதிரே ஒரு கண்ணாடி. ஒரு தலைவர் மகனுக்கு இதைவிடப் பெரிய மரியாதை இருக்க முடியாது என்று ஊரே வியந்தது. மகனை இழந்த தகப்பனுக்கு வேண்டியது பழிவாங்கல் இல்லை, மகனுக்கு மரியாதை என்பதை அவர் புரிந்துகொண்டிருந்தார்.

பிறகு தொடங்கியது காவல். ஸ்காட்லாந்திலிருந்து வீடு கட்ட வந்திருந்த தச்சர் சார்ல்ஸ் ஓவன்ஸும் மேரியும் மாறி மாறி இரவும் பகலும் கைதிகளின் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார்கள். கெஞ்சல், கோபம், வாக்குவாதம். ஒவ்வொருவராக விடுவிக்கப்பட்டார்கள். கடைசியில் எட்டிமோடு பலியானது ஒரு மாடு மட்டும்.

நண்பர்களாகவே

மேரிக்கு ஒரு காதலும் இருந்தது. சார்ல்ஸ் மாரிசன் என்ற இளம் ஆசிரியரோடு நிச்சயம்கூட ஆனது. ஆனால் அவரை ஒகோயோங்குக்கு அனுப்ப மிஷன் சம்மதிக்கவில்லை. ஒகோயோங்கைவிட்டு வர மேரியும் சம்மதிக்கவில்லை. கல்யாணம் அத்தோடு நின்றது.

மா எமேயின் நட்பு நின்றது வேறு விதமாக. கடைசி வரை அவர் கிறிஸ்தவர் ஆகவில்லை. தன் முன்னோர் வழிபட்டதையே வழிபட்டார். மேரிக்கு அது வருத்தம். தான் உயிரினும் மேலாக நம்பிய ஒன்றைத் தன் நெருங்கிய தோழி ஏற்கவில்லையே என்ற வருத்தம் சின்னதல்ல. ஆனாலும் அதற்காக அவர் மா எமேயைத் தள்ளி வைக்கவில்லை. மா எமேயும் பாட்டில் அனுப்புவதை நிறுத்தவில்லை. தோழி இறந்த சேதி வந்தபோது, கூடப் பிறந்தவளை இழந்ததுபோல மேரி துக்கப்பட்டார். அந்த ஆரம்ப காலத்தில் அத்தனை உயிர்களைக் காப்பாற்ற முடிந்தது அவரால்தான் என்றும் சொன்னார்.

பிற்பாடு மேரி இன்னும் உள்ளே, புதிய ஊர்களுக்குப் போனார். மலேரியாவும் மூட்டுவலியும் நடையை முடக்கியபோது, பிள்ளைகள் அவரைச் சக்கர வண்டியில் வைத்துத் தள்ளிக்கொண்டு போனார்கள். 1915 ஜனவரி 13 அன்று, 66 வயதில், ஊசே என்ற ஊரில் இறந்தார். பக்கத்தில் ஜேனி இருந்தாள். பானைக்குள் முடிந்திருக்க வேண்டிய குழந்தை, வளர்ந்த பெண்ணாக.

1997-ல் ஸ்காட்லாந்தின் கிளைட்ஸ்டேல் வங்கி வெளியிட்ட பத்து பவுண்டு நோட்டில் மேரியின் முகம் அச்சானது. நெசவாலைச் சிறுமிக்கு அது பெரிய கௌரவம்தான். மா எமேக்கு நோட்டு இல்லை. ஆனால் அவர் அனுப்பிய பாட்டில் ஒவ்வொன்றும் மருந்தோடுதான் திரும்பிப் போனது. அதற்குள் மேரி ஊசி நூலை எடுத்துக்கொண்டு புறப்படத் தயாராகியிருப்பார்.