கோட்டூரில் ஒரு குழவி

நெடுமங்காட்டிலிருந்து விதுரா போகும் சாலையில், மழை விட்டிருந்த ஓர் இரவில், பைக் வெளிச்சத்தில் இரண்டு சின்னக் கண்கள் மின்னின. உள்ளங்கை அளவே இருந்த மரநாய்க் குட்டி. இந்தப் பக்கத்தில் மரப்பட்டி என்பார்கள். ரப்பர் தோட்டத்து ஓரம் ஈர மண்ணில் கிடந்து கீச்சிட்டுக்கொண்டிருந்தது. சுற்றுமுற்றும் பார்த்தேன், தாயைக் காணோம். துண்டில் பொதிந்து, திருவனந்தபுரத்தில் கரமனையிலிருந்த என் வீட்டுக்குக் கொண்டுவந்தேன். பசும்பாலைக் காய்ச்சி, ஆறவைத்து, இங்க் ஃபில்லரால் சொட்டுச் சொட்டாக விட்டேன். ஆசையாகக் குடித்தது. மறுநாள் வயிறு உப்பிக் கழிந்தது. மூன்றாம் நாள் விடியலில் விறைத்துக் கிடந்தது.

தெருவில் ஒரு கால்நடை மருத்துவர் இருந்தார். அவரிடம் போய்ச் சொன்னேன். பாலைப் பற்றிக் கேட்பார் என்று நினைத்தேன். "எவ்வளவு நேரம் நின்னு பாத்தீங்க?" என்றுதான் கேட்டார்.

"ஒரு அஞ்சு நிமிஷம்."

"ராத்திரி இரை தேடுற ஜாதி அது. தாய் பத்தடி தள்ளி இருட்டுல உக்காந்து, நீங்க எப்ப போவீங்கன்னு பாத்துக்கிட்டு இருந்திருக்கும்."

காப்பாற்றியதாக நினைத்திருந்தேன், கடத்திக்கொண்டு வந்திருக்கிறேன். 1972-ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி வனத்துறைக்குச் சொல்லாமல் அதை வீட்டில் வைத்ததே குற்றம் என்பதும் அன்றைக்குத்தான் உறைத்தது. அந்த ஃபில்லர் பல நாள் மேஜை இழுப்பறையில் கிடந்தது. இந்த வேலையைத் தொழிலாகச் செய்கிறவர்கள் எப்படித்தான் செய்கிறார்கள் என்று பார்க்கத்தான் ஒருநாள் கோட்டூருக்கு வண்டியேறினேன்.

திருவனந்தபுரத்திலிருந்து காட்டாக்கடை, குற்றிச்சல் வழியாக ஒன்றரை மணி நேரம். கடைசி ஊர் கோட்டூர். அதைத் தாண்டினால் அகத்தியமலைக் காடு. நெய்யாறு அணையின் தேங்குநீர் வந்து தொடும் கரையில், காப்புக்காடு என்ற இடத்தில், 2006-இல் கேரள வனத்துறை தொடங்கிய யானைகள் மறுவாழ்வு மையம் இருக்கிறது. தாயை இழந்த, கூட்டத்தைத் தவறவிட்ட, வெள்ளத்தில் அடித்து வரப்பட்ட கன்றுகள் வந்து சேரும் இடம். எண்பதைத் தாண்டியதாகச் சொல்லப்படும் சோமன் என்ற கிழ யானையிலிருந்து பால்குடி மாறாத குட்டி வரை ஒரே கரையில் குளித்தன.

காலைக் குளியல் முடிந்து, கொட்டிலுக்குப் பின்னால் பால் கலக்கும் நேரம். யானைப் பாகனை இங்கே பாப்பான் என்பார்கள். பெரிய பாப்பான் காணிப் பழங்குடிக்காரர். ஐம்பது வயது இருக்கும். தமிழும் மலையாளமும் கலந்த மலைப்பேச்சு. நாகர்கோவில்காரனான எனக்கு அது இரண்டு மொழியைவிடவும் நெருக்கமாக இருந்தது.

"அண்ணே, பசும்பால் ஏன் ஆகாது?"

"வயறு கழியும் சாரே. கழிஞ்சா ரெண்டு நாளு. அப்புறம் பால் குடிக்க ஆளு இருக்காது."

கைக்குழந்தைக்குக் கொடுக்கும் பால்மாவைத்தான் கலக்குகிறார்கள். வெந்நீர், அளவு கரண்டி, கட்டி தட்டாத கலக்கல். புறங்கையில் ஒரு சொட்டு விட்டுச் சூடு பார்க்கிறார், பிள்ளை பெற்ற வீட்டுப் பாட்டி மாதிரி. பிறந்த யானைக்கன்று ஏறக்குறைய நூறு கிலோ இருக்கும். ஆனால் வயிறு பச்சைக் குழந்தையின் வயிறுதான். சில மணி நேரத்துக்கு ஒருமுறை, ராத்திரியும் சேர்த்து, புட்டி போக வேண்டும். இரண்டு வயதுக்கு மேலும் பால் வேண்டியிருக்கும். நடுவில் ராகிக் கூழ், கஞ்சி, புல் என்று பழக்குகிறார்கள். வளர்ந்த யானையின் சாணத்தைக் கன்று மோந்து தின்றால் தடுப்பதில்லை. புல்லைச் செரிக்கவைக்கும் நுண்ணுயிர்கள் அதன் வழியாகத்தான் வயிற்றில் குடியேறுகின்றன. காட்டில் தாய் செய்யும் வேலை அது.

கன்று ஓடி வந்தது. தும்பிக்கையை என்ன செய்வதென்று அதற்கு இன்னும் தெரியவில்லை. ரப்பர் குழாய் மாதிரி முகத்துக்கு முன்னால் ஆடியது. கன்று பால் குடிப்பது வாயால். தும்பிக்கையைத் தூக்கித் தாயின் உடம்பில் சாய்த்துக்கொண்டுதான் குடிக்கும். இங்கே சாய்க்க உடம்பு வேண்டுமே. பாப்பான் சுவரோரம் நின்று, தன் தோளைத் தாயின் விலாவாகக் கொடுத்தார். தும்பிக்கை அவர் கழுத்தைச் சுற்றி நிலைகொண்டது. அப்புறம்தான் வாய் திறந்தது. மடக் மடக்கென்று இரண்டு லிட்டர். அவர் தோளை எடுத்தால் குடிப்பது நின்றுவிடும்.

தொல்காப்பிய மரபியல் விலங்குகளின் குட்டிகளுக்கு இனம் பிரித்துப் பெயர் சொல்கிறது. அதில் யானைக்குட்டியைக் குழவி என்றும் சொல்லலாம் என்று அனுமதி உண்டு. மனிதப் பிள்ளைக்கும் அதே சொல். இலக்கணத்துக்காகப் படித்தது, அந்தத் தோளைப் பார்த்தபோதுதான் பொருளாகியது.

அந்த ஒட்டுதலில்தான் ஆபத்தும் இருக்கிறது. கென்யாவில் டாஃப்னி ஷெல்ட்ரிக் 1970-களில் ஆயிஷா என்ற கன்றை வளர்த்தார். பல ஆண்டுகள் தோற்று, தேங்காய் எண்ணெய் சேர்ந்த பால்மாவு ஒத்துக்கொள்ளும் என்று கண்டுபிடித்த காலம். மகள் கல்யாணத்துக்காக அவர் சில நாள் பிரிந்திருந்தார். கன்று ஏங்கியே செத்தது. அதன் பிறகு நைரோபியில் அவருடைய காப்பகத்தில் எந்தக் கன்றும் ஓர் ஆளோடு மட்டும் ஒட்டிவிடாதபடி பராமரிப்பவர்களை மாற்றி மாற்றி விட்டார்கள். இலங்கையின் உடவளவையில் 1995 முதல் நடக்கும் யானைகள் இடைத்தங்கல் இல்லத்தில் இன்னும் கறார். பால் நேரத்துக்குப் புனல் வழியே பால், மற்ற நேரம் முழுக்கக் கன்றுகள் தங்களுக்குள்ளேதான். மனிதனுக்குப் பழகாமல் வளர்ந்தவை பின்னால் கூட்டமாகக் காட்டுக்குள் விடப்படுகின்றன.

கோட்டூர்க் கன்றுகள் பெரும்பாலும் திரும்பப் போவதில்லை. ஆளோடு வாழப் பழகுகின்றன. இதைப் பாப்பானிடம் எப்படிக் கேட்பதென்று தயங்கினேன். அவரே சொன்னார்: "காட்டிலிருந்து ஒண்ணு வந்தா ஆளுக படம் பிடிக்க வருவாங்க. எங்களுக்குச் சந்தோஷமில்ல சாரே. ஒண்ணும் வராத கொல்லம்தான் நல்ல கொல்லம்." கொல்லம் என்றால் வருஷம்.

அதனால்தான், கன்று தனியாக நிற்கிறது என்று தகவல் வந்தால், புட்டியோடு யாரும் ஓடுவதில்லை. முதல் வேலை கூட்டத்தைத் தேடுவது. வால்பாறைப் பக்கம் பன்னிமேட்டில் 2023 டிசம்பர் கடைசியில் தனித்து நின்ற கன்றைத் தமிழக வனத்துறையினர் குளிப்பாட்டி, மனித வாடை போக மேலெல்லாம் சேறு பூசி, ட்ரோன் விட்டுக் கூட்டம் எங்கே என்று பார்த்து, தாயிடம் சேர்த்தார்கள். பிறகு தாயின்மேல் கன்று சாய்ந்து தூங்கும் படத்தை நாடே பார்த்தது. அந்தக் கதையில் பால்புட்டிக்கு வேலையே இல்லை.

எல்லாக் கதையும் அப்படி முடிவதில்லை. தென்மலைப் பக்கக் காட்டிலிருந்து காயத்தோடு வந்த ஸ்ரீக்குட்டி என்ற கன்றுக்கு 2020 நவம்பரில் கோட்டூரில் அரிசியும் ராகியும் வெல்லமும் சேர்ந்த கேக் வெட்டி முதல் பிறந்தநாள் கொண்டாடினார்கள். 2021 ஜூனில் யானை ஹெர்பிஸ் வைரஸ் தாக்கிச் செத்தது. சில நாளில் அர்ஜுன் என்ற இன்னொரு கன்றும் போனது. ஆசிய யானைக் கன்றுகளை ஓரிரு நாளில் சாய்த்துவிடும் நோய் அது. தாயிடமிருந்து கிடைக்கும் எதிர்ப்புச் சக்தி குறைந்துபோன வயதில்தான் குறிபார்த்து வரும். எந்தப் பால்மாவிலும் அந்தச் சக்தியைக் கலக்க முடியாது.

அதைப் பற்றிக் கேட்டபோது பாப்பான் புட்டியைக் கழுவிக்கொண்டிருந்தார். தூரிகையை உள்ளே விட்டு மூன்று முறை, வெந்நீரில் இரண்டு முறை. கவிழ்த்து வைத்துவிட்டுச் சொன்னார்: "ஒரு வாரம் கை பாலுக்கு நீண்டுக்கிட்டே இருந்தது."

கன்று போகவில்லை. அவர் கட்டைவிரலைப் பிடித்து வாயில் வைத்துச் சப்பியது. விட்டால் நாள் முழுக்கச் சப்பும் என்றார். இடது கையால் ஒரு பிடி இளம்புல்லை எடுத்து, நுனியை விரலோடு சேர்த்து வாய்க்குள் விட்டார். கன்று கவனிக்கவில்லை. புல் உள்ளே போகப் போக, விரல் நூல் நூலாக வெளியே வந்தது. கடைசியில் வாயில் புல் மட்டும் இருந்தது. கன்று ஒருமுறை மென்று பார்த்தது, துப்பியது, பிறகு அவர் கையை விட்டுவிட்டுத் தரையில் கிடந்த அடுத்த புல்லை அந்தப் பழகாத தும்பிக்கையால் துழாவத் தொடங்கியது.

அவர் ஈர விரலை வேட்டியில் துடைத்துக்கொண்டு இரண்டடி பின்னால் நகர்ந்து நின்றார்.