சொல்தா வீட்டு டிவி

கோல் போட்டதும் சட்டையைக் கழற்றித் தலைக்குமேல் சுழற்றுகிறவர்களை எத்தனையோ முறை பார்த்தாயிற்று. கழற்றிய சட்டையை மூலைக்கொடிக்குப் பக்கத்தில் புல்தரையில் வைத்து, அதைச் சுற்றிச் சிரித்துக்கொண்டே கும்மி மாதிரி ஆடியவர்களை ஒரே ஒரு தடவைதான் பார்த்திருக்கிறேன். 2002 மே 31, சியோல். உலகக் கோப்பையின் முதல் ஆட்டம். ஆடியவர்கள் செனகல்காரர்கள். சட்டை பாப்பா பூபா டியோப்புடையது.

கோல் ஒன்றும் ஓவியம் இல்லை. இடப்பக்கம் எல் ஹாஜி டியூஃப் ஒருவரே பிரான்ஸின் லெபூஃபைத் தாண்டி ஓடினார், பந்தைக் குறுக்கே தள்ளினார். பிரெஞ்சு ஆட்டக்காரர் பெட்டி அதை அப்புறப்படுத்தப் போக, அது கோல்கீப்பர் பார்த்தேஸ் மேல் பட்டுத் திரும்பிவந்தது. டியோப் கீழே விழுந்தபடியே உள்ளே தட்டிவிட்டார். 30-ஆவது நிமிடம். பிறகு திரெசகே அடித்தது கம்பத்தில் பட்டது, ஹென்றி அடித்தது குறுக்குச் சட்டத்தில் பட்டது. அவ்வளவுதான். 1998-இல் உலகக் கோப்பையையும் 2000-இல் ஐரோப்பியக் கோப்பையையும் வாங்கிய பிரான்ஸ், முதல்முறையாக உலகக் கோப்பைக்கு வந்த நாட்டிடம் 1–0 என்று தோற்றது.

மறுநாள் செய்தித்தாளில் 'அதிர்ச்சித் தோல்வி' என்று போட்டிருந்தார்கள். விளையாட்டுப் பக்கம் எழுதுகிறவர்களுக்கு இந்தச் சொல் இல்லாவிட்டால் கை ஓடாது. யாருக்கு அதிர்ச்சி? அன்று களமிறங்கிய செனகல்காரர்கள் 11 பேரும் பிரெஞ்சு லீக் கிளப்புகளுக்கு ஆடிப் பிழைத்தவர்கள். கோல்கீப்பர் டோனி சில்வா மொனாக்கோவில் பெஞ்சில் உட்கார்ந்திருந்தவர். பயிற்சியாளர் புரூனோ மெட்சு பிரெஞ்சுக்காரர். எதிரே பிரான்ஸ் சட்டை போட்டு முதலில் இறங்கிய 11 பேரில் பிரான்ஸிலேயே ஆடிக்கொண்டிருந்தவர் லெபூஃப் ஒருவர்தான். மற்றவர்கள் இங்கிலாந்திலும் மியூனிக்கிலும் இத்தாலியிலும் சம்பளம் வாங்கினார்கள். ஸிதான் தொடையில் அடிபட்டு வெளியே உட்கார்ந்திருந்தார். இதையெல்லாம் முன்கூட்டியே கூட்டிக் கழித்துப் பார்த்தவனுக்கு அதிர்ச்சி வந்திருக்காது. எனக்குக் கூட்டிக் கழிக்கும் வயதில்லை.

ஆட்டம் நம்ம ஊர் நேரம் சாயங்காலம் ஐந்து மணிக்கு. மே கடைசி என்றால் எங்கள் மரக்காணத்தில் உப்பு உச்சத்தில் இருக்கும். உப்பளத்து வேலைக்காரர்கள் இருட்டோடு இருட்டாகப் போய், வெயில் ஏறுவதற்குள் வாரிக் குவித்துவிட்டு வந்துவிடுவார்கள். மதியம் தூங்கி எழுந்தால் மாலை சும்மாதான். அதனால் எங்கள் தெருவில் கூட்டம் சேர எல்லா வசதியும் இருந்தது. இல்லாதது கேபிள் இணைப்பு மட்டும். அது சொல்தா வீட்டில் இருந்தது.

பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்துவிட்டு வந்தவர்களைப் புதுச்சேரிப் பக்கத்தில் சொல்தா என்பார்கள். இவர் புதுச்சேரிக்காரர், எங்கள் ஊரில் பெண் எடுத்து, ஓய்வுக்குப் பிறகு மனைவி ஊரிலேயே தங்கிவிட்டவர். பிரெஞ்சு பென்ஷன் வாங்குகிறவர் என்றால் இந்தக் கரையில் தனி மரியாதை. ஓட்டுவீடுகளுக்கு நடுவே அவர் வீடுதான் மொசைக் போட்டது. உலகக் கோப்பைக்கென்று டிவியைத் தாழ்வாரத்துக்குத் தூக்கிவந்து வைத்திருந்தார். பையன்கள் முன்வரிசையில் தரையில். பெரியவர்கள் திண்ணையில், கழுவியும் போகாத வெள்ளைப் பொருக்கோடு காலை நீட்டிக்கொண்டு. நாங்கள் எல்லோரும் பிரான்ஸ் கட்சி. பிஸ்கெட் கொடுப்பவர் பிரான்ஸ் என்றால் நாங்களும் பிரான்ஸ். அந்த வயதில் அதைவிடப் பெரிய அரசியல் தெரியாது.

திண்ணைக்காரர்களுக்குத்தான் முதல் சந்தேகம். "ரெண்டு பக்கமும் கருப்பாத்தான் இருக்கானுங்க. இதுல எவன்டா பிரான்ஸு?"

"நீலச் சட்டை பிரான்ஸு" என்றார் சொல்தா. "அதோ ஒரு நெட்டையன் போறான் பாரு, வியேரா. அவன் பொறந்ததே டக்கார்ல. செனகல்காரப் புள்ளதான் அவன்."

"அப்ப ஏன் அந்தப் பக்கம் ஆடறான்?"

"நான் ஏன் அந்தப் பக்கம் துப்பாக்கி புடிச்சேன்?" என்றார். திண்ணை சிரித்தது. எங்களுக்குப் புரியவில்லை, ஆனாலும் சிரித்துவைத்தோம்.

கோல் விழுந்தபோது முன்வரிசை முழுக்கத் தலையில் கைவைத்தது. பின்னால் ஒரே ஒரு கைதட்டல் கேட்டது. திரும்பினால் சொல்தா. "போட்டான் பாரு!" என்று நாற்காலியைவிட்டு எழுந்தே விட்டார். எங்களுக்கு இவர் கட்சி மாறிவிட்டாரோ என்று கோபம்.

"தாத்தா, நீங்க பிரான்ஸு இல்லியா?"

"பென்ஷனுக்குப் பிரான்ஸு."

அதற்குப் பிறகு ஆட்டம் ஒரு காதிலும் அவர் கதை ஒரு காதிலும் ஓடியது. இந்தோசீனாவில் அவர் இருந்த படையில் செனகல் சிப்பாய்கள் இருந்தார்களாம். "அரிசிச் சோறும் மீனும் ஒரே தட்டுல கொட்டி, சுத்தி ஒக்காந்து கையால பிசைஞ்சு சாப்புடுவானுங்க. வெள்ளக்காரன் ரெஜிமான்ல கையால சோறு தின்ன கூட்டம் ரெண்டே ரெண்டு, அவனுங்களும் நாங்களும். அதனால ஒண்ணாவே ஒக்காந்துக்குவோம்." கருவாடும் உண்டு என்றார். கருவாடு என்றதும் திண்ணையிலிருந்து ஒருவர் கேட்டார்: "அப்ப அங்க உப்பு எடுப்பானுங்களா?" அதற்கு மட்டும் அவரிடம் பதில் இல்லை.

அந்தக் கேள்விக்குப் பதிலை நான் பல வருடம் கழித்துத் தெரிந்துகொண்டேன். எடுக்கிறார்கள். டக்காருக்குப் பக்கத்தில் ரெட்பா என்று ஓர் இளஞ்சிவப்பு ஏரி. அங்கே ஆண்கள் மார்பளவு தண்ணீரில் நின்று, அடியில் உறைந்திருக்கும் உப்பைக் கிளறிக் கூடையில் அள்ளிப் படகில் கொட்டுவார்கள். உப்புத் தண்ணீர் தோலை அரிக்காமலிருக்க ஷியா மரத்துக் கொட்டையின் வெண்ணெயை உடம்பெல்லாம் பூசிக்கொள்வார்கள். எங்களூரில் பாத்தி கட்டி, தண்ணீர் பாய்ச்சி, வெயிலுக்குக் காத்திருந்து, பலகையால் வாருகிறோம். அவர்களுக்கு உப்பு தண்ணீருக்கு அடியிலேயே தயார். கேள்வி கேட்டவரிடம் இதைச் சொன்னால் "கொடுத்துவெச்சவனுங்க" என்றிருப்பார். மார்பளவு உப்புத் தண்ணீரில் நாள் முழுக்க நிற்பதைச் சொன்னால் திரும்ப வாங்கிக்கொண்டிருப்பார்.

ஒன்றைத் தேடப்போனால் இன்னொன்று கையில் சிக்கும். செனகல் எங்களுக்கு அன்று மாலைவரை பேர் தெரியாத நாடு. ஆனால் புதுச்சேரிக்கு அது பழைய வாடிக்கை. 18, 19-ஆம் நூற்றாண்டுகளில் புதுச்சேரியில் அவுரிச் சாயம் தோய்த்த நீலத்துணி கப்பல் ஏறிப் பிரான்ஸ் வழியாகச் செனகல் நதிக்கரைக்குப் போனது. பிரெஞ்சுக்காரர்கள் அதற்கு வைத்த பெயர் கினே. அந்த நதிக்கரையில் கருவேல இனத்து மரங்களின் பிசின் கிடைக்கும். ஐரோப்பாவில் துணி அச்சடிக்க அந்தப் பிசின் இல்லாமல் முடியாது. பிசின் விற்கும் பாலைவன வணிகர்கள் காசை நம்பவில்லை. நீலத்துணிதான் அங்கே காசு. பிரான்ஸிலேயே அதேபோல நெய்து ஏமாற்றப் பார்த்தார்கள். வணிகர்கள் துணியை முகர்ந்து, விரலால் தேய்த்துப் பார்த்து, இது புதுச்சேரிச் சரக்கு இல்லை என்று தள்ளிவிட்டார்கள். நம்ம நெசவாளியும் சாயக்காரரும் கண்ணால் காணாத ஒரு நதியின் கரையில் ரிசர்வ் வங்கி நடத்தியிருக்கிறார்கள். அடுத்தது கடலை. எங்கள் திண்டிவனம், விழுப்புரம் பக்கத்து மல்லாட்டை 19-ஆம் நூற்றாண்டின் கடைசியில் புதுச்சேரித் துறையிலிருந்து மார்செய் எண்ணெய் ஆலைகளுக்குப் போனது. அதே ஆலைகளுக்குச் செனகல் கடலையும் போனது. ஆக, பந்துக்கு வெகுகாலம் முன்பே இரண்டு ஊர்க்காரர்களும் ஒரு பிரெஞ்சு வாசலில் மூட்டையோடு வரிசையில் நின்றவர்கள்.

செனகலின் முதல் ஜனாதிபதி செங்கோர் ஒரு கவிஞர். 1974-இல் சென்னைக்கு வந்து கறுப்பினப் பண்பாட்டையும் திராவிடப் பண்பாட்டையும் சேர்த்துவைத்துப் பேசினார். அவர் காட்டிய ஆர்வத்தால் டக்கார் பல்கலைக்கழகத்தில் திராவிட ஆய்வுக்கு இடம் கிடைத்தது, க.ப. அறவாணன் அங்கே போய்ப் பணிபுரிந்தார். அந்த ஒப்பீடுகள் எல்லாவற்றையும் நான் நம்புகிறவன் இல்லை. ஒலி ஒத்துப்போவதை வைத்து உறவு கொண்டாடினால் உலகத்தில் யாரும் அந்நியன் இல்லை. ஆனால் ஒரு நாட்டின் தலைவர் அதற்காகச் சென்னை வரை வந்தார் என்பது எனக்குப் பிடித்திருக்கிறது. செங்கோரும் பிரெஞ்சுப் படையில் சிப்பாயாக இருந்து 1940-இல் ஜெர்மானியரிடம் கைதியானவர். 2001 டிசம்பரில் பிரான்ஸில் இறந்தார். டக்காரில் நடந்த இறுதிச் சடங்குக்குப் பிரான்ஸின் ஜனாதிபதியும் போகவில்லை, பிரதமரும் போகவில்லை. ஐந்து மாதம் கழித்து சியோல்.

சொல்தா அன்று கடைசியாகச் சொன்னது பென்ஷனைப் பற்றி. "என்கூட இருந்த செனகல்காரனுக்கு என்னா குடுக்கறான் தெரியுமா? எனக்கு வர்றதுல மூணுல ஒரு பங்குகூட தேறாது. அதே குண்டு, அதே காடு." ஹென்றியின் பந்து சட்டத்தில் மோதிய சத்தத்தில் அது எங்கள் காதில் விழுந்தும் விழாமலும் போனது.

பிறகு படித்தேன். குடியேற்ற நாடுகள் விடுதலை பெறும் நேரத்தில், 1959 டிசம்பரில், பிரான்ஸ் ஒரு சட்டம் போட்டது. அந்த நாடுகளின் சிப்பாய்களுக்கு ஓய்வூதியம் அதன்படி ஏறாமல் உறைந்துபோனது. பிரெஞ்சுக் குடியுரிமையோடு இருந்தவர்களுக்கு விலைவாசியோடு சேர்ந்து ஏறிக்கொண்டே வந்தது. புதுச்சேரி 1962-இல் சட்டப்படி இந்தியாவோடு சேர்ந்தபோது பிரெஞ்சுக் குடியுரிமையைத் தேர்ந்தெடுக்க ஆறு மாத அவகாசம் கொடுத்தார்கள். எங்கள் சொல்தா கையெழுத்துப் போட்டார். மொசைக் தரை, கேபிள் டிவி, எங்களுக்கு பிஸ்கெட் எல்லாம் அந்தக் கையெழுத்தில் வந்தவை. செனகல்காரருக்கு அந்தக் காகிதம் நீட்டப்படவில்லை.

செனகலில் ஒரு பழைய சார்ஜண்ட் வழக்குப் போட்டார். 2001 நவம்பர் 30 அன்று பிரான்ஸின் உச்ச நிர்வாக நீதிமன்றம், குடியுரிமையைக் காட்டி ஓய்வூதியத்தில் வேற்றுமை வைப்பது செல்லாது என்று தீர்ப்புச் சொன்னது. சார்ஜண்டின் பெயர் அமடு டியோப். செனகலில் பரவலான பெயர்தான். கோல் போட்டவருக்குச் சொந்தம் என்று கதை கட்ட வேண்டியதில்லை. ஆனாலும் பிரான்ஸை ஆறு மாத இடைவெளியில் இரண்டு டியோப்கள் தோற்கடித்தார்கள், உலகம் ஒருவருடைய பெயரைத்தான் மனப்பாடம் செய்துகொண்டது.

கோலுக்கு உடனே பலன் கிடைத்தது. செனகலில் அரசாங்கமே விடுமுறை விட்டது, அணி காலிறுதிவரை போனது, பிரான்ஸ் ஒரு கோல்கூடப் போடாமல் ஊர் திரும்பியது. தீர்ப்புக்குப் பலன் மெதுவாக வந்தது: போர்வீரர் ஓய்வூதியங்கள் 2007-இல் சமமாயின, மிச்சம் 2011-இல். பூபா டியோப் 2020 நவம்பரில் தன் 42-ஆவது வயதில் இறந்தார். அவருக்கு உலகம் முழுக்க அஞ்சலி எழுதினார்கள், அந்தச் சட்டை நடனப் படத்தோடு.

ஜூலை 14 அன்று புதுச்சேரியில் பதக்கங்களைக் குத்திக்கொண்டு முதியவர்கள் அணிவகுத்து வருவார்கள். பார்க்க நேர்ந்தால், பென்ஷன் எவ்வளவு என்று கேட்டுவிடாதீர்கள், எல்லோரும் கேட்பது அது. பட்டாளத்தில் யாரோடு உட்கார்ந்து சாப்பிட்டீர்கள் என்று கேட்டுப்பாருங்கள். இந்தோசீனா போய்வந்தவர்களில் இப்போது மிச்சம் அதிகம் பேர் இல்லை.